ஈக்களின் காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு... 1,580 வீரர்களின் சாவுக்குக் காரணம் கண்டுபிடித்த வால்டர் ரீட் யார்?

அமெரிக்க அதிபருக்கு உடம்பு சரியில்லை என்றாலே செய்திகளில் ஒரு பெயர் அடிபடும். வால்டர் ரீட் மருத்துவமனை. 2020 அக்டோபரில் டொனால்ட் டிரம்புக்கு கொரோனா வந்தபோது ஹெலிகாப்டரில் கொண்டுபோய்ச் சேர்த்தது அங்கேதான்.

சரி, யார் அந்த வால்டர் ரீட்? கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று நிரூபித்த ராணுவ டாக்டர். (மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசு கடித்து வரும் வைரஸ் காய்ச்சல்.) அந்தப் பதில் சரிதான். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னாடி அவர் இன்னொரு வேலை செய்தார். அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பேசக் கொஞ்சம் கூச்சமான வேலையும்கூட.

ராணுவ முகாம்களில் தோண்டிய கழிப்பறைக் குழிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, சிப்பாய்களின் மலம் எங்கே போகிறது, யார் காலில் ஒட்டுகிறது, எப்படித் திரும்பச் சாப்பாட்டுத் தட்டுக்கே வருகிறது என்று கண்டுபிடித்ததுதான் அந்த வேலை.

17 வயதில் டாக்டர்

1851 செப்டம்பர் 13-ம் தேதி, வர்ஜீனியா மாநிலத்தில் பெல்ராய் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் ரீட். அப்பா மெதடிஸ்ட் சபைப் போதகர். பையன் படிப்பில் கெட்டி. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1869-ல் மருத்துவப் பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 17. அடுத்த வருடமே நியூயார்க்கில் பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் இன்னொரு மருத்துவப் பட்டம்.

பிறகு நியூயார்க், புரூக்ளின் பக்கம் ஆஸ்பத்திரி வேலை, நகர சுகாதாரத் துறை வேலை. புரூக்ளினில் சுகாதார ஆய்வாளராக வீடு வீடாக, சந்து சந்தாகச் சுற்றியது பின்னாடி ரொம்பக் கைகொடுத்தது. ஆனால் 20 வயசுப் பையனைப் பார்த்து வைத்தியத்துக்கு யார் வருவார்கள்? தனியாக கிளினிக் போட்டுப் பிழைப்பது கஷ்டம். நிரந்தரச் சம்பளம் வேண்டும், கல்யாணமும் செய்துகொள்ள வேண்டும். 1875-ல் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அடுத்த வருடம் எமிலி லாரன்ஸுடன் கல்யாணம்.

கல்யாணமான கையோடு போஸ்டிங் வந்தது, அரிசோனா பாலைவனத்துக்கு!

காட்டுக் கோட்டையில் டாக்டர் என்றால் என்ன வேலை?

அப்போது அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ரயில் போகாத இடங்களில் எல்லாம் சின்னச் சின்ன ராணுவக் கோட்டைகள் இருந்தன. கோட்டை என்றதும் செஞ்சிக் கோட்டை மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். மண் கட்டடங்கள், மர வீடுகள், குதிரை லாயம், நடுவில் ஒரு மைதானம், அவ்வளவுதான். சான் டியாகோவில் இருந்து ரீட் தம்பதி ராணுவ வண்டியில் வாரக்கணக்கில் பயணம் செய்துதான் டூசான் அருகே இருந்த லோவல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்து அதைவிட ஒதுக்குப்புறமான அப்பாச்சி கோட்டை. 1877-ல் அவர்களின் மகன் பிறந்தது அங்கேதான். பிறகு நெப்ராஸ்கா, அலபாமா என்று மாறிக்கொண்டே இருந்தார். இப்படியே சுமார் 15 வருடங்கள் ஓடின.

இந்தக் கோட்டைகளில் ஒரு டாக்டரின் வேலை காயத்துக்குக் கட்டுப் போடுவதோடு முடியாது. குடிநீர் எங்கிருந்து வருகிறது, சமையலறை சுத்தமாக இருக்கிறதா, கழிப்பறைக் குழி எங்கே, நிரம்பிவிட்டதா என்று எல்லாவற்றையும் பார்த்து கமாண்டருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். சாக்கடை கிடையாது. குழாய்த் தண்ணீர் கிடையாது. குழி வெட்ட வேண்டும், மண் போட்டு மூட வேண்டும், வேறு இடத்தில் இன்னொன்று வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியில் சேர்த்து வண்டியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. டாக்டர் சொல்லலாம், அவ்வளவுதான். செய்வதும் செய்யாததும் கமாண்டர் இஷ்டம். குழி வெட்டுவதை எந்தப் படையிலும் யாரும் வீர வேலையாக நினைப்பதில்லை. ஆகவே பல இடங்களில் அந்த அறிக்கை ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இது ஏதோ பழங்காலத்துப் பிரச்சனை என்று தள்ளிவிட முடியாது. சியாச்சின் பனிமலையில் நிற்கும் இந்திய வீரர்களுக்கும் இதே தலைவலிதான். அந்தக் குளிரில் மலம் மட்காமல் அப்படியே கிடக்கும். அதற்காகவே குளிரிலும் வேலை செய்யும் பாக்டீரியாக்களை வைத்து டி.ஆர்.டி.ஓ ஒரு பயோ-டைஜஸ்டரை உருவாக்கியது. ரயில் பெட்டிகளில் இப்போது இருக்கும் பயோ-டாய்லெட் அதன் வழி வந்ததுதான்.

ரீட் கதைக்குத் திரும்புவோம். 1890-ல், 39 வயதில், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சில மாதங்கள் படிக்க அவருக்கு வாய்ப்பு கிடைத்தது. வில்லியம் வெல்ச் என்ற பெரிய பேராசிரியரிடம் பாக்டீரியா ஆராய்ச்சி கற்றார். கிருமிகளைப் பற்றிய புது அறிவியல் அப்போதுதான் சூடுபிடித்துக்கொண்டிருந்தது. 1893-ல் வாஷிங்டனில் புதிதாகத் தொடங்கிய ராணுவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். காட்டுக் கோட்டை அனுபவமும் மைக்ரோஸ்கோப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தது இப்படித்தான்.

1898: போருக்குப் போகாமலே செத்தவர்கள்

1898 ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. கியூபாவை முன்னிட்டு வந்த சண்டை அது. அதுவரை அமெரிக்க ராணுவத்தில் இருந்ததே சுமார் 28,000 பேர்தான். சில மாதங்களில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியது. கடைப் பையன்கள், விவசாயிகள், கல்லூரி மாணவர்கள் என ஊர் ஊராகக் கிளம்பி வந்து சேர்ந்தார்கள்.

இவ்வளவு பேரை எங்கே வைப்பது? ஜார்ஜியாவில் சிக்கமாகா, வர்ஜீனியாவில் ஆல்ஜர் முகாம், புளோரிடாவில் ஜாக்சன்வில் என்று காட்டிலும் மேட்டிலும் கூடாரம் போட்டார்கள். சிக்கமாகாவில் மட்டும் ஒரு கட்டத்தில் 50,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு நகரமே திடீரென்று முளைத்த மாதிரி. ஆனால் அந்த நகரத்துக்குச் சாக்கடை இல்லை.

தலைமை ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் போர் தொடங்கிய உடனேயே ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். முகாம் போட்டவுடன் கழிப்பறைக் குழி வெட்டுங்கள், தினமும் மூன்று தடவை மேலே மண்ணோ சுண்ணாம்போ சாம்பலோ போடுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று தெளிவாகவே எழுதியிருந்தார். சொன்னதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சிக்கமாகாவில் மண்ணைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணாம்புப் பாறை இடிக்கும். ஆழமாகக் குழி வெட்ட முடியவில்லை. மழை பெய்தால் குழி நிரம்பி வழிந்து, உள்ளே இருந்தது முகாமுக்குள் ஓடிவரும். குழியின் நாற்றம் தாங்காமல் பல சிப்பாய்கள் பக்கத்துக் காட்டுக்குள் ஒதுங்க ஆரம்பித்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தவர்களால் ராத்திரியில் குழி வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. சில வாரங்களில் அந்தக் காட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் போனது.

ஜூலையில் காய்ச்சல் ஆரம்பித்தது. ஆகஸ்டில் கூடார ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. ஆகஸ்ட் 12-ம் தேதி சண்டை நின்றுபோனது. சாவு நிற்கவில்லை. மொத்தப் போரிலும் எதிரியின் குண்டுக்குப் பலியான அமெரிக்க வீரர்கள் 400-க்கும் குறைவுதான். ஆனால் கியூபாவைக் கண்ணால்கூடப் பார்க்காத பையன்கள் சொந்த நாட்டு முகாம்களிலேயே நூற்றுக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் கொதித்தன. பெற்றோர்கள் கேள்வி கேட்டார்கள்.

மூன்று டாக்டர்கள் கிளம்பினார்கள்

அந்த ஆகஸ்டிலேயே டைபாய்டு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் மேஜர் வால்டர் ரீட். கூட இரண்டு பேர். ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்து விக்டர் வாகன். கியூபா போர்முனையில் மஞ்சள் காய்ச்சல் வந்து பிழைத்துத் திரும்பிய கையோடு இந்தக் குழுவில் சேர்ந்தவர். இன்னொருவர் பிலடெல்பியாவின் எட்வர்ட் ஷேக்ஸ்பியர். ஸ்பெயினிலும் இந்தியாவிலும் காலராவைப் பற்றி ஆராய்ந்து அமெரிக்க அரசுக்குப் பெரிய அறிக்கை கொடுத்திருந்தவர்.

மூன்று பேரும் முகாம் முகாமாகப் போனார்கள். முதல் அதிர்ச்சி, பல டாக்டர்கள் அதை டைபாய்டு என்றே ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியா என்றார்கள், டைபாய்டும் மலேரியாவும் கலந்த காய்ச்சல் என்றார்கள். குழு நோயாளிகளின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தது. மலேரியா என்று முத்திரை குத்தப்பட்ட ஏராளமானவர்களின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியே இல்லை. உண்மையில் முகாம் டாக்டர்கள் டைபாய்டு கேஸ்களில் கிட்டத்தட்ட பாதியைத்தான் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள்.

இது வெறும் பெயர்க் குழப்பம் இல்லை. மலேரியா என்று நினைத்தால் கொயினா கொடுத்துக் கூடாரத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவன் பொதுக் குழியையே பயன்படுத்துவான். டைபாய்டுக் கிருமி வெளியே வருவது மலத்திலும் சிறுநீரிலும்தான். காய்ச்சல் முற்றும் முன்பே அது வெளியேற ஆரம்பித்துவிடும், சிலருக்கு உடம்பு தேறிய பிறகும் வந்துகொண்டே இருக்கும். ஆக, ஒவ்வொரு தவறான முடிவும் குழிக்குள் இன்னும் கொஞ்சம் கிருமியைச் சேர்த்தது.

அடுத்து, எப்படிப் பரவியது? அந்தக் காலத்துப் பாடம் ஒன்றே ஒன்றுதான்: டைபாய்டு என்றால் குடிதண்ணீர். குழுவும் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட்டது. ஆனால் கணக்கு இடித்தது. ஒரே தண்ணீரைக் குடித்த படைப்பிரிவுகளில் ஒன்றில் நோய் கொட்டியது, இன்னொன்றில் அவ்வளவாக இல்லை. தண்ணீர்தான் காரணம் என்றால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும். இங்கேயோ ஒரு கூடாரத்தில் ஒருவன் விழுகிறான், கொஞ்ச நாளில் பக்கத்துப் படுக்கைக்காரன், அப்புறம் பக்கத்துக் கூடாரம். முகாமையே வேறு இடத்துக்கு மாற்றினாலும் நோய் கூடவே வந்தது.

ரீட்டுக்கு இந்த மாதிரி யோசனை புதிது இல்லை. 1896-லேயே வாஷிங்டன் பக்கத்து ராணுவக் குடியிருப்பில் மலேரியா வந்தபோது, எல்லோரும் பொட்டோமாக் ஆற்றுத் தண்ணீரைக் குறை சொன்னார்கள். அவர் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பார்த்தார். ராத்திரியில் சதுப்பு நிலத்து வழியாக நகரத்துக்குப் போய்வந்த சிப்பாய்களுக்குத்தான் வந்திருந்தது. அதே ஆற்றுத் தண்ணீரைக் குடித்த அதிகாரிகளுக்கு வரவில்லை.

காலில் சுண்ணாம்பு

முகாம் குழிகளில் நாற்றத்தை அடக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியைத் தூவியிருந்தார்கள். அந்த வேலையையும் அரைகுறையாகத்தான் செய்திருந்தார்கள். மேலாகக் கொஞ்சம் தூவி, பாதி மலம் வெளியே தெரியும்படி விட்டிருந்தார்கள். அதில் ஈக்கள் மொய்த்தன. கொஞ்ச தூரத்தில் சாப்பாட்டுக் கூடாரம். அங்கே மேசை மேல் இருந்த உணவின் மேல் ஈக்கள் ஊர்ந்தன. அந்த ஈக்களின் கால்கள் வெள்ளையாக இருந்தன!

குழியில் இருந்து தட்டு வரைக்கும் உள்ள பாதை கண்ணெதிரே தெரிந்தது. சுண்ணாம்பு வரும் என்றால் மலம் வராதா? மலம் வந்தால் கிருமி வராதா?

இதைச் சரிபார்க்க இன்னொரு விஷயமும் கிடைத்தது. சில அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடாரங்களுக்கு மட்டும் வலை கட்டியிருந்தார்கள். அந்த அதிகாரிகளிடையே டைபாய்டு குறைவாக இருந்தது. குளிர் காலம் நெருங்கி ஈக்கள் குறைந்தபோது நோயும் சேர்ந்தே குறைந்தது.

ஈ மட்டும்தான் குற்றவாளி என்று குழு சொல்லவில்லை. கூடாரத்துக்குக் கூடாரம் பரவியதற்கு மனிதர்களின் கையும் உடையும் காரணம் என்றது. அதிலும் ஆஸ்பத்திரி உதவியாளர்கள் விஷயம் கேட்கவே பயங்கரமாக இருக்கும். பயிற்சி பெற்ற ஆட்கள் போதாமல் சாதாரண சிப்பாய்களையே ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பினார்கள். அவர்கள் நோயாளிகளின் மலச்சட்டியை எடுத்துக் கொட்டிவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல், நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழிக்குப் பக்கத்தில் கை கழுவ ஒரு வாளித் தண்ணீர்கூட வைக்கப்படாத முகாம்கள் இருந்தன.

பிறகு பெரிய கணக்கு. வாஷிங்டனுக்குத் திரும்பி ஒரு வருடத்துக்கும் மேல் பதிவேடுகளைப் புரட்டினார்கள். எந்தச் சிப்பாய், எந்தக் கம்பெனி, எந்தக் கூடாரம், எந்தத் தேதியில் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாமே பேப்பரும் பேனாவும். 92 படைப்பிரிவுகள், 1,07,973 பேர். அவர்களில் டைபாய்டு வந்தவர்கள் 20,738 பேர். இறந்தவர்கள் 1,580 பேர்.

அதாவது ஐந்தில் ஒருவருக்கு நோய். எதிரி ஒரு குண்டுகூடச் சுடாமல் ஒரு படையில் ஐந்தில் ஒரு பங்கைப் படுக்கையில் தள்ளியது, அந்தப் படை தானே வெட்டிய குழிதான். தன்னார்வப் படைப்பிரிவுகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் முகாமுக்கு வந்த எட்டு வாரத்துக்குள் டைபாய்டு தலைகாட்டிவிட்டது. யாராவது ஒருவன் ஊரிலிருந்தே கிருமியோடு வந்திருப்பான், மீதியை முகாம் பார்த்துக்கொண்டது.

யார் பொறுப்பு?

இந்த இடத்தில் குழு மழுப்பவில்லை. டாக்டர்கள் தவறாகக் கண்டுபிடித்தது ஒரு பக்கம். ஆனால் எங்கே முகாம் போடுவது, எத்தனை நாள் ஒரே இடத்தில் வைத்திருப்பது, குழியை எவ்வளவு தள்ளி வெட்டுவது, காட்டுக்குள் ஒதுங்குபவனைத் தண்டிப்பதா விடுவதா என்று முடிவு செய்தது எல்லாம் படை அதிகாரிகள். டாக்டர் சொன்னதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரிசோனா கோட்டையில் ரீட் பார்த்த அதே பிரச்சனை, இப்போது ஆயிரக்கணக்கான கேஸ்களோடு.

என்ன செய்யலாம் என்பதற்கும் பதில் இருந்தது. குழியே வேண்டாம். துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புத் தொட்டி. அதில் சுண்ணாம்புப் பாலை ஊற்றி வைக்க வேண்டும். மலம் விழுந்த உடனே சுண்ணாம்பில் மூழ்கிவிடும், ஈக்கு உட்கார இடம் கிடையாது, கிருமியும் சாகும். தினமும் பம்பு வைத்த டேங்க் வண்டி வந்து உறிஞ்சி எடுத்து, முகாமுக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய்விடும். பின்னாடி வந்த ராணுவ சுகாதாரக் கையேடுகளில் இதற்கு ரீட் தொட்டி என்றே பெயர். ஒரு விஞ்ஞானியின் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைப்பார்கள், சாலைக்கு வைப்பார்கள். கக்கூஸ் தொட்டிக்கும் வைத்த கதை அபூர்வம்.

குறை இல்லாமல் இல்லை. வண்டி வேண்டும், பம்பு வேண்டும், சுண்ணாம்பு மூட்டை மூட்டையாக வேண்டும். ஒரே இடத்தில் நிற்கும் முகாமுக்குச் சரி. தினமும் நகரும் படைக்கு ஒத்துவராது. அங்கே மறுபடி குழிதான். ஆனால் ஈ புகாதபடி மூடி போட்ட பெட்டியைக் குழியின் மேல் வைப்பது என்ற வழக்கம் அடுத்த ஆண்டுகளில் வந்தது.

அறிக்கை எழுதப் போன நேரத்தில்...

1900 ஜூனில் ரீட் கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். இந்த முறை மஞ்சள் காய்ச்சல். குழுவில் ஜேம்ஸ் கரோல், ஜெஸ்ஸி லசீர், அரிஸ்டிடெஸ் அக்ரமான்டே. கொசுதான் காரணம் என்று கார்லோஸ் ஃபின்லே என்ற கியூபா டாக்டர் 1881-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. குழு அவரிடம் போய்க் கொசு முட்டைகளை வாங்கி வந்தது.

சோதனை தொடங்க வேண்டிய நேரத்தில் ரீட் வாஷிங்டனுக்குக் கிளம்பிவிட்டார். காரணம், அந்த டைபாய்டு அறிக்கை. ஜூன் மாதத்தில் ஷேக்ஸ்பியர் இறந்துபோனார். வேலை பாதியில் நின்றது. முகாம்களில் செத்த 1,580 பேரின் கணக்கை முடிக்க ரீட் போயாக வேண்டியிருந்தது.

அவர் இல்லாத அந்த வாரங்களில்தான் எல்லாம் நடந்தது. ஆகஸ்ட் கடைசியில் கரோல் தன் கையிலேயே கொசுவைக் கடிக்க விட்டார். சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். செப்டம்பரில் லசீருக்குக் காய்ச்சல் வந்தது. 25-ம் தேதி இறந்தார். வயது 34. அமெரிக்காவில் மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள்.

அக்டோபரில் திரும்பி வந்த ரீட் தன்னைக் கொசுவிடம் கொடுக்கவில்லை. அவருக்கு வயது 49, அந்த வயதில் இந்த நோய் வந்தால் பிழைப்பது கடினம் என்பது ஒரு வாதம். இருந்தாலும் உயிரைப் பணயம் வைத்தவர்கள் வேறு, பேர் வாங்கியவர் வேறு என்ற மனத்தாங்கல் கரோலுக்குக் கடைசி வரை போகவில்லை. அவருடைய இதயம் அந்தக் காய்ச்சலில் இருந்து முழுசாகத் தேறவே இல்லை. 1907-ல் இறந்தார்.

நாறும் அறையில் 20 ராத்திரி

லசீர் பெயரிலேயே ஒரு சோதனை முகாம் போட்டார் ரீட். முகாமில் இரண்டு சின்ன மர வீடுகள். கொசு வீட்டின் கதை எல்லோருக்கும் தெரியும். மற்ற வீடுதான் டைபாய்டு விசாரணையோடு நேராகத் தொடர்புடையது.

மஞ்சள் காய்ச்சல் அழுக்கால் பரவுகிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. நோயாளியின் துணி, படுக்கை எல்லாவற்றையும் எரிப்பார்கள். ஹவானாவை அமெரிக்க ராணுவம் தெருத் தெருவாகக் கழுவிச் சுத்தம் செய்தது. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் குறைந்தன. மஞ்சள் காய்ச்சல் மட்டும் குறையவே இல்லை.

14 அடிக்கு 20 அடி அறை. காற்று அதிகம் வராது, வெயில் வராது, கொசு நுழைய முடியாதபடி வலை. அடுப்பு வைத்து அறையைச் சூடாகவே வைத்திருந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளின் வாந்தியும் சிறுநீரும் மலமும் படிந்த போர்வைகள், தலையணை உறைகள், துணிகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். 1900 நவம்பர் 30-ம் தேதி மாலை ராபர்ட் குக் என்ற இளம் டாக்டரும் இரண்டு சிப்பாய்களும் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார்கள். நாற்றத்தில் குமட்டி வெளியே ஓடிவந்தார்கள். பிறகு மறுபடி உள்ளே போய், அந்தத் துணிகளையே விரித்துப் படுத்தார்கள். இப்படி 20 ராத்திரி. அடுத்து வேறு ஆட்கள். மொத்தம் ஏழு பேர், 63 நாட்கள்.

ஒருவருக்கும் மஞ்சள் காய்ச்சல் வரவில்லை.

பக்கத்து வீடு சுத்தமோ சுத்தம். ஆனால் அங்கே கொசுவை விட்டார்கள். அந்தக் கொசுக்கள் இருந்த பகுதிக்குள் போய்ப் படுத்த ஜான் மோரனுக்குக் கிறிஸ்துமஸ் அன்று காய்ச்சல் வந்தது. வலைக்கு அந்தப் பக்கம் படுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிப்பாய்களின் மலம்தான் எமன் என்று 1898-ல் நிரூபித்த அதே ஆள், 1900-ல் இந்த நோய்க்கு மலம் காரணம் இல்லை என்றும் நிரூபித்தார். இரண்டையும் அவர் ஒரே முறையில்தான் செய்தார். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? அழுக்கு என்றாலே நோய் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, எந்த அழுக்கு, எந்த நோய், எந்த வழி என்று தனித்தனியாகக் காட்டிவிட்டார். 1901-ல் வில்லியம் கோர்காஸ் ஹவானாவில் கொசு ஒழிப்பில் இறங்கினார். சில மாதங்களில் அந்த நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது.

முடிக்காமல் விட்ட வேலை

1902 நவம்பரில் ரீட்டுக்குக் குடல்வால் அழற்சி. வாஷிங்டனில் நண்பர் வில்லியம் போர்டன் ஆபரேஷன் செய்தார். வயிற்றுக்குள் சீழ் பரவி, சில நாட்களில் இறந்தார். வயது 51. ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம். அந்த போர்டன்தான் பின்னாடி ஓயாமல் அலைந்து ஒரு புது ராணுவ மருத்துவமனையைக் கொண்டுவந்தார். 1909-ல் திறந்த அந்த மருத்துவமனைக்குத்தான் வால்டர் ரீட் என்று பெயர்.

டைபாய்டு அறிக்கையின் சுருக்கம் 1900-லேயே வந்திருந்தது. முழு அறிக்கை அச்சாகும்போது மூன்று பேரில் விக்டர் வாகன் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அவர் உட்கார்ந்து முடித்துக் கொடுக்க, 1904-ல் இரண்டு பெரிய பாகங்களாக வெளியானது. அதற்குள் தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு சண்டை போட்ட பிரிட்டிஷ் படையும் அதே பாடத்தைப் படித்திருந்தது. அங்கேயும் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட டைபாய்டு மாதிரி நோய்களில் செத்தவர்களே அதிகம்.

1911-ல் அமெரிக்க ராணுவம் எல்லா வீரர்களுக்கும் டைபாய்டு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 1917-ல் முதல் உலகப்போருக்கு ஆள் திரட்டியபோது, முகாம் சமையலறைகளுக்கு வலை அடித்திருந்தார்கள், கழிப்பறைக்கு மூடி போட்டிருந்தார்கள், குழியைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருந்தார்கள். அந்தப் போரில் சுமார் 40 லட்சம் பேர் அமெரிக்கப் படையில் இருந்தார்கள். டைபாய்டு வந்தவர்கள் 2,000 பேர்கூட இல்லை.

1929-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ரீட்டையும் கியூபாவில் அவரோடு நின்றவர்களையும் தங்கப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. அந்தப் பதக்கம் மஞ்சள் காய்ச்சலுக்கு.